அரை மணி பின்னால் ஓடிய கடிகாரம்

என் மகன் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக அனுப்பிய பொருள் ஓர் உலகக் கடிகாரம். அவனுடைய நண்பன் ஒருவன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். மேசைமேல் வைக்கிற கறுப்புப் பெட்டி. நடுவில் முட்கள், சுற்றிலும் ஒரு வளையம், வளையத்தில் இருபத்து நான்கு ஊர்கள். வேண்டிய ஊரை மேலே திருப்பிக்கொண்டுவந்தால் அங்கே என்ன மணி என்று காட்டும். லண்டன் இருந்தது, டோக்கியோ இருந்தது, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பசிபிக் தீவு இருந்தது. கராச்சிக்கு அடுத்த கட்டத்தில் டாக்கா. நடுவில் நாங்கள் இல்லை.

இது விரோதத்தால் வந்த விடுபடல் அல்ல என்பது எனக்கு உடனே புரிந்தது. வளையம் ஒவ்வொரு மணியாகத்தான் நகரும். நம் தேசமோ முழு மணிகளோடு சேராமல், லண்டனுக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. அரை மணிக்கு அந்தப் பெட்டியில் பல் கிடையாது. ஆக, எங்கள் வீட்டு மேசையில் இருந்த உலகக் கடிகாரம் எங்கள் வீட்டு நேரத்தைக் காட்டாது.

"குழந்தை ஆசையா வாங்கி அனுப்பியிருக்கான். குத்தம் கண்டுபிடிக்காதீங்கோ" என்றாள் என் மனைவி. கடிகாரத்தைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் பாண்டி பஜாருக்குப் போய், கூடத்தில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் போலவே இன்னொன்று வாங்கிவந்து அதன் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். அதை அரை மணி பின்னால் வைக்கச் சொன்னாள்.

மகன் இருந்த ஊர் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். கடிகார முகத்தில் பன்னிரண்டு எண்கள்தான் என்பதால் பன்னிரண்டு தானாகவே கழிந்துவிடும்; மிஞ்சுவது அரை. நமக்குப் பகல் என்றால் அவனுக்கு ராத்திரி, அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நான் இதற்கு ஓர் அட்டவணை தயாரிக்கலாம் என்று இருந்தேன். தேவைப்படவில்லை. எது யாருடையது என்று குழம்பாதிருக்க, மகனுடைய கடிகாரத்தின் கண்ணாடியில், பன்னிரண்டுக்குக் கீழே, ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்தக் கடிகாரத்தைச் சும்மா விட்டதில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தால் மனிதர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். தாமதமாக ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். கீழ் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருமுறை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே ஏறிவிட்டார்.

"மாமா, இறங்குங்கோ! அது சரியாத்தான் ஓடிண்டிருக்கு, வேற ஊருக்கு" என்று என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் அதைவிடச் சரியான கேள்வி கேட்டாள். "இன்னாம்மா, அங்க இப்ப ராத்திரின்றே. கடியாரம் பத்துன்னுதான் காட்டிகினு கீது. ராத்திரி பத்தா, பகல் பத்தா, அதுக்கு எப்டித் தெரியும்?"

"அதுக்குத் தெரிய வேண்டாம்டி. எனக்குத் தெரியும்."

மகனிடம் இந்த இரண்டாவது கடிகாரத்தைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. சிரிப்பான் என்றாள்.

அந்த வருடம் கோடையில் நாங்கள் அடையாறு போய்வர ஆரம்பித்தோம். அப்போதெல்லாம் மயிலாப்பூரில் "அடையாறு போயிட்டு வரோம்" என்று ஒருவர் சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருந்தது அங்கேதான். அடையாறில் சாதாரணமாகச் சம்பந்தி வீடு இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது அவளே என்னிடம் சொன்னாள்.

"ஏன்னா, அவனுக்குத் தெரியப்டாது. அந்தத் தாள் அவன் கைக்கு வரவரைக்கும் சொல்லப்டாது."

தாள் என்று அவள் சொன்னது இதை. மகன் அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருந்தான். அந்த விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும்போது, முன் அனுமதித் தாள் பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை அவனே கைவிட்டதாகக் கருதப்படும். அப்புறம் திரும்பிப் போவது சுலபமல்ல. இந்த விதியை அவளுக்கு விளக்கியவன் நான்தான். அரசுப் பணியில் ஆயுளைக் கழித்தவன், எந்த நாட்டு விதியாக இருந்தாலும் அதன் நடை எனக்குப் பழகியதுதான். அவளும் நல்ல மாணவி. விதியைப் புரிந்துகொண்டாள், அதற்குத் தகுந்தாற்போல் தன் வியாதியை ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவான். அவனுக்கு அது சனிக்கிழமை மாலை ஆறரை. வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் சற்று நேரத்தில் அவளுக்கு நாக்குக் குழறும். இரண்டு வார்த்தை பேசினால் மகன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்கால மாத்திரையை எடுத்துக்கொள்ளமாட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அடித்ததும் குரல் மாறிவிடும். "இப்பத்தான் தோசை வார்க்கப் போனேன், நீ கூப்பிட்டுட்டே" என்பாள். அடுப்புப் பக்கம் போய் மாதங்கள் ஆகியிருந்தன. ரிசீவரை வைத்ததும் கையை நீட்டுவாள். மாத்திரையை நான் தயாராக உரித்து வைத்திருப்பேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. மழை இரண்டு நாளாக விடவில்லை. ஏழு அடித்தது, தொலைபேசி அடிக்கவில்லை. அவன் கடிகாரம் ஆறரை காட்டியது.

"மாத்திரையைப் போட்டுக்கோ. இன்னிக்கு லைன் கிடைக்கலை போலிருக்கு" என்றேன்.

"இருங்கோ, வந்துடும்."

ஏழேகாலுக்கும் அதையே சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். பேசினால் மூச்சு செலவாகும். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் மாத்திரையை அவள் முன் நீட்டினேன். தலையை மட்டும் அசைத்தாள்.

எட்டு மணிக்கு அடித்தது.

"ஏண்டா இவ்வளவு நாழி?"

அவன் குரல் எனக்கும் கேட்டது. "நாழியா? கரெக்டா ஆறரைக்குத்தானேம்மா பண்றேன்."

"இங்க எட்டு ஆறதுடா."

"ஐயோ, ஆமா! போன வாரம் இங்க டைம் மாத்திட்டா. குளிர்காலத்துக்கு ஒரு மணி பின்னாடி வெச்சுப்பா. முன்னே இருந்த ஊர்ல அந்த வழக்கம் கிடையாது, இங்க உண்டு. சொல்ல மறந்துட்டேன்."

ஜூன் மாதம்தான் அவன் அரிசோனாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாறியிருந்தான். அப்போது இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. கோடைக்கும் குளிருக்கும் ஒரு தேசம் கடிகாரத்தைத் திருகிவைக்கும் என்ற விதி மட்டும் நான் படித்தவற்றுள் இல்லை.

"யாரைக் கேட்டுண்டு மாத்தறா?" என்றாள்.

அவன் சிரித்தான். "என்னைக் கேட்டுண்டு இல்லைம்மா."

"ஒரு மணி நேரம்டா. ஒரு மணி நேரமா உக்காந்துண்டிருக்கேன்..." குரல் உடைந்தது. அதற்குமேல் அவளால் தோசை வார்க்க முடியவில்லை. அழுதாள். அவள் தொலைபேசியில் அழுது அவன் கேட்டதில்லை. விமானம் ஏறிய அன்றுகூட அழவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கா அழறே? அம்மா... அப்பாகிட்டக் குடு."

நான் சொன்னேன். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"நாளைக்கே கிளம்பறேன்."

"தாள் இல்லாம கிளம்பினா விண்ணப்பத்தை நீயே விட்டுட்டதா எடுத்துப்பா. திரும்ப உள்ளே விடமாட்டா."

"அது தெரியும். நான் என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்கோப்பா."

அவள் நாற்காலியிலிருந்தே கையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று, பந்தியில் இலையை மறைப்பதுபோல.

"அவசரம்னு தாளுக்கு எழுதிக் குடு. டாக்டர் சர்டிபிகேட்டை நான் அனுப்பறேன். தாள் வந்த அன்னிக்கே கிளம்பு" என்றேன்.

"அதுவரைக்கும்?"

"ஞாயித்துக்கிழமை பேசு."

இன்று யாராவது கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். விதி அதுதான். அவன் அதன்படிதான் செய்தான். நானும் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, தியாகராய நகரில் ஒரு கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பி, மூலத்தைக் கூரியரில் சேர்த்தேன். குறை சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை.

அன்று பிற்பகல், மாத்திரைத் தூக்கம் கலைந்ததும், "அந்தக் கடியாரத்தை இன்னும் ஒரு மணி பின்னாடி தள்ளுங்கோ" என்றாள். ஸ்டூலில் ஏறித் தள்ளினேன். இப்போது அது ஒன்றரை மணி பின்னால். "இன்னும் தள்ளிப் போயிட்டான்" என்றாள்.

மகனுக்குத் தெரிந்துவிட்ட பிறகு நாக்குக் குழறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மாத்திரை இல்லாமல்தான் காத்திருந்தாள், இப்போது எட்டு மணிவரை. ஏன் என்று கேட்டேன். "அவன் காதுல நல்ல குரலா இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். கட்டிலுக்கு நேர் எதிரே இரண்டு கடிகாரங்கள். நாளாக ஆக, பொட்டு வைத்த கடிகாரத்தை மட்டுமே பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொண்டுபோனால், "பத்தரைதானே ஆறது, அப்பறம் குடிக்கறேன்" என்பாள். நான் திருத்தவில்லை. சாயங்காலம் சஞ்சிகை படித்துக்கொண்டிருப்பேன். திடீரென்று, "இப்ப எழுந்துண்டிருப்பான்" என்பாள். அவள் உடம்பு எங்கள் கூடத்தில் இருந்தது. நேரத்தை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மார்கழி பிறந்தது. தெருவில் கோலம் பெரிதாயிற்று. சபாக்களுக்குப் போகிற பட்டுப்புடவைகள் எங்கள் வாசலைக் கடந்தன. விசாரிக்க வந்தவர்கள் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று சுவரைப் பார்த்து, தவறான கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் சற்று உட்கார்ந்தார்கள். தாள் வந்துவிட்டதாக மகனிடமிருந்து செய்தி வந்தது. அன்றே கிளம்பினான். சொன்னபடி.

அவன் ஆகாயத்தில் இருந்தபோது அவள் போனாள். பிற்பகல் நேரம். கையைப் பிடித்திருந்தேன். கடைசியாக அவள் கேட்டது, "அங்க என்ன மணி?"

நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் கடிகாரம் அவன் விட்டுவந்த ஊரின் மணியைக் காட்டியது. நமது, அவன் வந்து சேராத ஊரின் மணியை. விமானத்தில் இருப்பவனுக்கு இரண்டும் பொருந்தாது. "வந்துண்டே இருக்கான்" என்றேன். அது கேள்விக்குப் பதில் அல்ல. அவள் திருப்பிக் கேட்கவில்லை.

மீனம்பாக்கத்துக்குக் கீழ் வீட்டுக்காரர்தான் போனார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மகன் தெரிந்துகொண்டானாம்.

பதின்மூன்றாம் நாள் காரியமும் முடிந்து, உறவினர்கள் போன பிறகு, வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் திரும்பிப் போக டிக்கெட்டை உறுதிசெய்துவிட்டு வந்து, கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான். சற்று நேரம் சுவரைப் பார்த்தான்.

"அப்பா, இந்தக் கடியாரம் லேட்டா ஓடறது."

அது யாருடைய நேரம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினான். பின்பக்கத் திருகை அழுத்தி, பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்து, முட்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்தான். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். பன்னிரண்டுக்குக் கீழே இருந்த பொட்டின் மேல் கட்டைவிரல் நகம் ஒருமுறை போயிற்று, உரிக்காமல் நின்றது. அதை விட்டுச் சுற்றித் துடைத்தான்.

"பேட்டரி வீக்கா இருந்திருக்கும். போறதுக்குள்ள புதுசு வாங்கிப் போட்டுடறேன்" என்றான்.

"போட்டுடு" என்றேன்.