நம்பர் காட்டாத மெசின்

வடிவம்மாளுக்கு மூச்சிரைப்பு வந்தது ஐம்பத்தாறாவது வயதில். அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது மகள் மஞ்சுவைப் பெற்றெடுக்க ஒரு தடவை, மஞ்சள்காமாலைக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நடவு ஆட்களோடு சரிக்குச் சரி சேற்றில் நின்றவள். சீசன் வந்தால் குற்றாலம் ஐந்தருவியில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்த் தலையைக் கொடுப்பவள். அப்படிப்பட்டவள் வாசல் தெளிக்கக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததால்தான் அந்த வீட்டில் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

நயினார் போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். ஊருக்கு இன்றும் ஏட்டையா. வடிவம்மாளுக்கு அவள் அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்த நஞ்சை ஒன்று தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. கால்வாய்த் தண்ணீர் கடைசி வரைக்கும் எட்டுகிற நல்ல வயல். பத்திரத்தில் அவள் பெயர் இருந்தாலும் அதைப் பற்றி யோசிக்கிற உரிமை அவருக்குத்தான் இருந்தது. ரிட்டயரான வருஷமே அதை ஒரு ஆளுக்குக் கிரயம் பேசினார். தோப்பு வைக்கப் போகிறார்கள் என்று சொன்னார். பத்திர ஆபீசில் காட்டின இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பணத்தில், வயலுக்குக் கூப்பிடு தூரத்தில், மலையைப் பார்க்க ஒரு வீடு கட்டினார். கிரகப்பிரவேசம் முடிந்து ஆறு மாதம் ஆகவில்லை, வயலில் கல் அரைக்கிற கிரஷர் வந்து உட்கார்ந்தது. என்னிடமும் தோப்பு என்றுதான் சொன்னான் என்றார் நயினார். முப்பது வருஷம் போலீசில் இருந்த மனுஷனை ஒருத்தன் அவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருப்பானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பகலெல்லாம் எம்-சாண்ட் லாரிகள் வீட்டு முன்னால் ஓடின. கொல்லையில் முருங்கை இலை வெள்ளையாக நின்றது. துவைத்துக் காயப்போட்ட சேலையை உதறினால் தும்மல் வந்தது. இரண்டாவது வருஷம் அவளுக்கு இரைப்பு ஆரம்பித்தது. தென்காசி டாக்டர் ஊதச் சொல்லி ஒரு குழாயைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தூசியை விட்டுத் தள்ளி இருந்தால்தான் ஆகும் என்று நேராகவே சொன்னார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுரண்டையில் மஞ்சுவின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துப் போய்விடலாமா என்று கேட்டாள். வயலைப் பற்றிப் பேசவில்லை, கிரஷரைப் பற்றிப் பேசவில்லை. நயினார் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். ஆசை ஆசையாகக் கட்டின வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று ஊர் கேட்கும். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்?

அடுத்த வாரம், தை மாதக் கடைசியில், அவளை ஸ்கூட்டரில் ஏற்றித் தென்காசியில் பரீதின் எலெக்ட்ரிக் கடைக்குக் கூட்டிப்போனார். காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெசின் வாங்கப் போகிறோம் என்று வழியில்தான் சொன்னார். அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தனக்கென்று அவர் கடை ஏறியது தாலிக்கொடி மாற்றினதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பரீது இரண்டு மெசின்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ஒன்றின் நெற்றியில் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று நம்பர் ஓடும். மற்றதில் அது கிடையாது. ஓடினால் ஒரு பச்சை விளக்கு எரியும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

“நம்பர் காட்டுததையே எடுங்க ஏட்டையா. வேலை செய்யுதா இல்லையான்னு கண்ணால பாத்துக்கிடலாம்லா.”

பரீது அதைச் சொன்னதோடு நிற்காமல் மெசினைப் போட்டும் காட்டினார். கடைக்குள் நம்பர் நாற்பதில் நின்றது. உங்கள் ஊர்ப் பக்கம் என்றால் இது எங்கேயோ போகும் என்று சிரித்தார். நயினார் சிரிக்கவில்லை. நம்பரைப் பார்த்தே இவள் பயந்து செத்துவிடுவாள், பச்சை விளக்கே போதும் என்றார். எனக்காகப் பார்க்கிறாரே என்று அதற்கும் வடிவம்மாள் உள்ளுக்குள் குளிர்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷமாக ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்துக் கிடந்தவள் கிடைத்ததை நல்லதாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

பொருளைப் புதுசு கலையாமல் வைத்திருப்பதில் நயினாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான், இவரிடம் கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. டிவி ரிமோட் பாலித்தீன் உறைக்குள் இருக்கும். பிரிட்ஜ் கைப்பிடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கை எட்டு வருஷமாக யாரும் உரிக்கவில்லை. ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனிக் கவர் கிழிந்து தொங்கும், கழற்ற விட மாட்டார். மெசின் வந்த அன்றைக்கும் அதன் முதுகு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்று திருப்தியாகச் சொல்லி மூடினார். கூட வந்த புத்தகத்தில் ஒரு படத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார். கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும் என்று போட்டிருந்த படம்.

படுக்கையறை ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினார். கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தார். வடிவம்மாளின் கட்டில், மருந்து மாத்திரை, தண்ணீர்ச் செம்பு எல்லாம் அந்த அறைக்குள் போயின. காலையில் ஒரு மணி நேரம் சமையலுக்கு வெளியே வரலாம். மற்ற நேரமெல்லாம் உள்ளேதான். மெசின் ராவும் பகலும் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்று நயினார் ஹாலில் படுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, இரைப்பு குறையவில்லை. பச்சை விளக்கு மட்டும் குறைவில்லாமல் எரிந்தது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம் கொஞ்சம் தேவலை என்று பொய் சொன்னாள். இவ்வளவு செய்தும் ஆறவில்லை என்றால் மனுஷன் மனசு விட்டுவிடுவாரே என்று இருந்தது. போகப் போக அவளுக்கே ஒரு நினைப்பு ஊறிவிட்டது. காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது, கெட்டுப் போனது என் நெஞ்சுதான் என்று நினைத்தாள். நயினாரும் பார்க்க வருகிறவர்களிடம் அதையே சொல்லத் தொடங்கியிருந்தார். மெசின் தன் வேலையைச் செய்கிறது, இவளுக்குப் பாதி மனசுதான் காரணம் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சொல்வது இவளுக்குக் கேட்கும்.

ஆனி பிறந்ததும் சாரல் விழுந்தது. அந்த ஊரில் சாரல் நாளில் ஜன்னலைச் சாத்தி வைக்கிற வீடு கிடையாது. மலையிலிருந்து இறங்குகிற காற்றை உள்ளே விட்டுக்கொண்டுதான் படுப்பார்கள். அந்த மழைக்குக் கிரஷர்த் தூசிகூட அடங்கிவிடும், முருங்கை இலை கழுவிப் பச்சையாகிவிடும். வருஷத்தில் அந்த வீட்டுக்கு நல்ல காற்று வருகிற இரண்டே மாதம் அதுதான். பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் நல்லெண்ணெயும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குக் கூப்பிட வந்தாள். குளிக்காவிட்டாலும் போகிறது, வந்து சும்மா நில் மதினி என்றாள். நயினார் வாசலிலேயே மறித்து, மெசின் போட்ட ரூமை விட்டு வெளியே போனால் எல்லாம் வீண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வடிவம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. ஜன்னல் டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்பினாள். ஒரு விரல் அகலம் கிளம்பியதும் ஈரக்காற்று உள்ளே வந்தது. அந்த இடத்தில் மூக்கை வைத்து நாலைந்து மூச்சு இழுத்தாள். பிறகு, அவர் செய்த ஏற்பாட்டைக் கெடுக்கிறோமே என்று குற்றமாக இருந்தது. எச்சில் தொட்டு டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு நாள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் தூசி எப்படி இருக்கிறது என்று டாக்டர் அவளிடம் கேட்க, நயினார் முந்திக்கொண்டு மெசின் போட்டிருக்கிறது என்றார். எட்டு மாதமாக ராவும் பகலும் ஓடுகிறது, ரூமில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது என்றார். அப்படியானால் தூசி காரணம் இல்லை என்று டாக்டர் தள்ளிவைத்துவிட்டு, கடுமையான மாத்திரையாக எழுதினார். அதில் அவள் முகம் வீங்கியது. சுகர் ஏறியது. கண்ணாடியில் யாரோ ஒருத்தி நிற்பதாக இருந்தது. இல்லாத வியாதிக்கெல்லாம் மருந்து தின்றாள்.

மார்கழியில் மெசினில் பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. நயினார் கடைக்குப் போன் போட்டார். பில்டர் மாற்ற வேண்டிய கெடு வந்துவிட்டது, ஓடின மணிக்கணக்கை வைத்து அதுவாக எரியும் என்று சொல்லி, சந்தோஷ்குமார் என்ற மெக்கானிக்கைப் பரீது அனுப்பினார். அவன் கட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெசினின் முதுகு மூடியைத் திறந்தான். உள்ளே கையை விட்டு பில்டரை உருவினான். உருவினவன் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நயினாரைப் பார்த்தான்.

பில்டர் பாலித்தீன் உறைக்குள் இருந்தது. கம்பெனியில் சுற்றி ஒட்டின ஒட்டு பிரியவில்லை. உறைக்கு வெளியே விரற்கடை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. உள்ளே பில்டர் பூப்போல வெள்ளையாக இருந்தது.

“கவரைக் கழட்டாமலா ஓட்டுனிய? காத்து இதுக்குள்ள போனாத்தான ஏட்டையா சுத்தமாவும்?”

“புதுசுல்லா. அழுக்குப் படக்கூடாதுன்னு விட்டேன்.”

நயினார் அதைச் சொன்ன விதத்தில் ஏட்டு மிடுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சந்தோஷ்குமார் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு கட்டிலில் இருந்தவளின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அப்படியென்றால் இத்தனை நாளும் இது என்னதான் செய்தது என்று அவள் அவனிடம் கேட்டாள். ரூமில் இருந்த தூசியையே சுற்றிச் சுற்றி அடித்திருக்கும் ஆச்சி, வேறொன்றும் இல்லை என்றான்.

அவன் போன பிறகும் வடிவம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட மூச்சும் கிடையாது. அவன் விட்டுப்போன உறையைக் கையில் எடுத்துத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தூசிதான், அவள் அப்பாவின் வயலில் அரைபட்டது. கவரைக் கழற்றாதது புத்தியில்லாமல் செய்த காரியம், அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அதோடு சேர்ந்து பரீதின் கடை அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

“நம்பர் காட்டுத மெசினை ஏன் வேண்டாம்னு சொன்னிய?”

“நீ பயந்துருவேன்னுதான்.”

“நானா பயந்தேன்?”

நயினார் மெசினின் மூடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நம்பர் இருந்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். கவர் இருப்பதும் தெரிந்திருக்கும், வயலை விற்றதில் என்ன வந்தது என்பதும் தெரிந்திருக்கும். இரண்டாவதைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் முதலாவதையும் பார்க்காமல் விட்டார். அதற்கு விலை கொடுத்தது அவளுடைய நெஞ்சு.

மறுநாள் காலையில் மஞ்சு வந்து அம்மாவைச் சுரண்டைக்குக் கூட்டிப்போனாள். நயினார் தடுக்கவில்லை, பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரண்டை டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். முகம் வடிந்தது. இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் போனது திரும்பாது என்று மஞ்சுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னாலும் வடிவம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சு வீட்டு மாடிப்படி பதினாலு, ஏழாவது படியில் உட்கார்ந்து எழுந்துதான் அவளால் ஏற முடிந்தது.

பொங்கல் முடிந்த மறுவாரம், மஞ்சுவோடு அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது நயினார் போன் பண்ணினார். நம்பர் காட்டுகிற மெசினையே வாங்கிவிட்டேன், கவரை எல்லாம் கழற்றிப் போட்டாயிற்று, வந்துவிடு என்றார். குரல் இறங்கியிருந்தது. தனியாகப் பொங்கித் தின்கிற குரல் அது. அவளுக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது.

“கொண்டாந்து மொதல்ல போட்டதும் என்ன நம்பர் காட்டிச்சு?”

லாரி ஒன்று வீட்டைத் தாண்டிப் போகிற சத்தம் போனில் கேட்டது.

“எரநூத்தி எழுவது.”

“எங்கன வச்சுப் பாத்திய?”

“ஒன் ரூமுலதான்.”

“அதைத்தான் பதினோரு மாசம் நான் குடிச்சேன். இனிமே நீங்க அங்கன படுத்துக்கிடுங்க.”

இவ்வளவு பேசினதற்கே அவளுக்கு இரைத்தது. வடிவு, வடிவு என்று அவர் கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருக்க, போனை மஞ்சுவிடம் கொடுத்துவிட்டு ஏழாவது படியில் உட்கார்ந்தாள்.