துத்தம் போடாத பசை

வாஷியில் எங்கள் வீட்டில் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காக மைதாப் பசை காய்ச்சினாள். வெந்த மாவின் வாசனை வந்ததுமே நான் என் சிறுவயதுத் தாராவிக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளில் அப்பா அங்கே கட்சியின் கிளைச் செயலாளர். போஸ்டருக்குப் பசை காய்ச்சுவது அம்மா. ஆடு தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். ஊரிலிருந்து தலைவர் வரவிருந்த நேரம் பார்த்துப் பசைப் பானை ஓட்டையாகிவிட்டது.

“சோறு பொங்குற பானையில வெஷத்தையா போடச் சொல்லுதிய?” என்று அம்மா துத்தத்தைத் தூர வைத்துவிட்டாள். அன்றிரவு வெறும் பசையில்தான் போஸ்டர் ஒட்டினார்கள்.

விடிந்து பார்த்தால் தகரச் சுவரெல்லாம் ஆடுகள். தலைவரை மீசைவரை தின்றாயிற்று. தெருவே கூடிநின்று சிரித்தது. அன்று மாலைதான் கூட்டம். அப்பா, கூட்டத்துக்குக் கூவி அழைக்கும் தகரக் குழாயோடு தண்ணீர் டிரம்மின் மேல் ஏறிவிட்டார்.

“ஆட்டுக்கே இம்புட்டு ருசிச்ச தலைவரு, சாயங்காலம் நேர்லயே வாராரு! வந்து பாருங்க!”

மைதானம் கொள்ளாத கூட்டம்.

அடுத்த கூட்டத்துக்கு அம்மா பசைக்கென்றே புதுப் பானை வாங்கினாள். துத்தத்தை அள்ளியவள் கையை அப்பா பதறிப் பிடித்துக்கொண்டார்.

“போடாதட்டி! ஆடு திங்காத போஸ்டர எவன் பாப்பான்?”