இரண்டாவது குலுக்கி

அலுவலகத்தில் அவனுக்கு ‘வேகம்’ என்று பெயர். பத்தொன்பது வருஷமாகக் கெர்னல் எழுதுகிறவன். கெர்னல் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்தில் கிடந்து, மேலே ஓடுகிற எல்லா புரோகிராமுக்கும் வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற பகுதி. வீட்டில் யாருக்கும் இது பிடிபட்டதில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவனைக் கூப்பிடுவார்கள். போய் நிற்பான், பிரிண்டர் சரியாகாது, காபி குடித்துவிட்டு வருவான். ஆனால் டயர் கடைக்கு மேலே, ஏழு பேர் உட்காரும் அந்த நீள அறையில் அவன் வைத்ததுதான் சட்டம். கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்க்கு அகப்பட்டவர் சோதனைப் பிரிவு மேடம். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்களைக் கொடுக்கிற பகுதி ஒன்று கெர்னலில் உண்டு. குலுக்கி என்பார்கள். இருந்த குலுக்கி நல்லது, ஆனால் நிதானம். மெஷினைப் போட்டதும் அங்கே இங்கே நடக்கிற அசைவுகளைப் பொறுக்கிச் சேர்த்து, போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கும். விளையாட்டுக்கும் படம் வரைவதற்கும் இவ்வளவு நிதானம் எதற்கு, காத்திருக்காமல் சடசடவென்று எண்களைக் கொட்டும் இரண்டாவது குலுக்கி ஒன்று வேண்டும் என்றான் அவன்.

“ஒண்ணு போதும்” என்றார் மேடம். “ரெண்டு குடுத்தா யாராவது தப்பானதை எடுத்துடுவாங்க. இருக்கற ஒண்ணையே நல்லாப் பண்ணுவோம்.”

“எழுதறவங்க என்ன பச்சைக் குழந்தைங்களா மேடம்? முக்கியமான வேலைக்குப் போய் வேகமானதை எடுக்கறவன் முட்டாளாத்தான் இருக்கணும். அந்த முட்டாளுக்காக நாம ஏன் கையைக் கட்டிக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது குலுக்கி வந்தது. மேடத்துக்கு ‘ஒண்ணு போதும்’ என்று பட்டப்பெயரும் வந்தது. வைத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட வேலை ஒன்று வந்தது. இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம், அதனால் குலுக்கல். ஏழு பள்ளிகளுக்கும் ஒரே மாதிரி சின்ன மெஷின், பள்ளிக்கு இருநூறு விண்ணப்பம், நாற்பது இடம். புரோகிராமை இவனே எழுதினான். பார்க்க வந்த பள்ளி எழுத்தர் முன்னால் சுவிட்சைப் போட்டால், மெஷின் அரை நிமிஷம் அப்படியே நின்றது. நல்ல குலுக்கி காத்திருந்தது.

“என்ன சார், உசிரு போயிடுச்சா?” என்றார் எழுத்தர்.

இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புரோகிராமில் ஒரே ஒரு சொல்லை மாற்றினான், நல்ல குலுக்கியின் பெயர் இருந்த இடத்தில் இரண்டாவதின் பெயர். மெஷின் உடனே ஓடியது. எழுத்தர் பலே என்றார். மாற்றியதை அன்று சாயங்காலமே மறந்தும் போனான், மகானுபாவன்.

குலுக்கல் முடிந்த மறுநாள் தங்கை வந்தாள். மகளுக்காக வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பள்ளிகளுக்கும் எழுதிப் போட்டிருந்தாள். விண்ணப்ப எண் ஒன்றில் ஐம்பத்து நாலு, இன்னொன்றில் நூற்றிரண்டு.

“ரெண்டுலயும் இல்லண்ணா. பாரு.” அறிவிப்புப் பலகைகளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

முதல் படத்தைப் பார்த்தான். நூற்றுப் பதினேழு, எட்டு, நூற்று அறுபத்து மூன்று. விரலால் தள்ளினான். படம் நகரவில்லை என்று நினைத்து மறுபடி தள்ளினான். நகர்ந்துதான் இருந்தது. இன்னொரு பள்ளி, இன்னொரு பலகை, அதே நாற்பது எண்கள், அதே வரிசை. அசைவுகளைச் சேர்க்காமல், போட்டதும் ஓடுகிற குலுக்கி எல்லா மெஷினிலும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே எண்களைக் கொட்டியிருந்தது. அவரவர் தங்கள் எண்ணைத் தேடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பலகையை யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“குலுக்கல்னா அப்படித்தாம்மா. அதிர்ஷ்டம்” என்றான்.

“அவ ராசி அப்படி” என்று அவள் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசில் சத்தமில்லாமல் அந்தச் சொல்லைத் திருத்தினான். கையோடு இரண்டாவது குலுக்கியையும் கெர்னலிலிருந்து எடுத்தான். மாற்றம் எதுவானாலும் மேடம் பார்வைக்குப் போகும். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“சொன்னது தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கறதுக்கு ஒரு மனசு வேணும் சார். உங்ககிட்ட இருக்கு. நான்தான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இது செருப்படியாக விழுந்தது. கூனிக் குறுகிப்போய், எழுத்தர் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். தங்கையிடம் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டான். மேடம் குத்திக்காட்டவில்லை. சந்தர்ப்பம் கிடைத்தும் காட்டாத மனுஷி.

“பள்ளிக்கூடத்துக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

ஏழு பள்ளியிலும் மறுகுலுக்கல் என்று முடிவானது. முதல் பள்ளி தங்கையின் தெருப் பள்ளி. அதற்குள் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று இடையில் இருந்த நாலு நாளும் நினைத்தான். நினைத்ததோடு சரி.

பள்ளி மண்டபத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தப்பு நடந்துவிட்டது, பழைய பட்டியல் செல்லாது என்றான். முன்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார்.

“போன வாரம் எங்க பொண்ணுக்குக் கெடச்சுது. சாமான்லாம் வாங்கியாச்சு. யாருங்க எழுதின புரோகிராம் இது?”

“நான்தாங்க.”

மூன்றாவது வரிசையில் தங்கை எழுந்து நின்றாள். “அண்ணா, நான் போன்ல காட்டினேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

மண்டபமே அவளைப் பார்த்தது.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் அதிர்ஷ்டம்னு சொன்னியா?”

அவன் தலையை ஆட்டினான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷினைப் போட்டார்கள். அரை நிமிஷம் நின்றுவிட்டு ஓடியது. தலைமையாசிரியை எண்களைப் படிக்கத் தொடங்கினார். ஒன்பதாவதாக, “ஐம்பத்து நாலு” என்றார்.

“அம்மா, நம்ம நம்பர்” என்று குழந்தை துள்ளியது.

எல்லோரும் முதலில் தங்கையைப் பார்த்தார்கள். பிறகு இவனைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். “அண்ணன்காரன் மெஷினு. வராம என்ன செய்யும்?” என்றார் அந்தத் தகப்பன்.

தலைமையாசிரியை தயங்கினார். “இது சரியான குலுக்கல்தானே சார்?”

“சரியானதுதான் மேடம்.”

அவன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய உண்மை வந்ததில்லை. அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எங்களுக்கு வேண்டாம் மேடம். வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

குழந்தை புரியாமல் மாமாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. இருவரும் வாசலைத் தாண்டும்வரை தலைமையாசிரியை காத்திருந்தார். பிறகு அடுத்த எண்ணைப் படித்தார்.