தியார்மின் அத்தை மாற்றிச் சொல்லாத செய்தி

தியார்மின் அத்தை என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள், தோபா ஏரிக்கரையில் எங்கள் சபையின் ஊழியக்காரி. நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் சாவு வீட்டில் ஜெபிப்பதும் அவர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் தகரத்தைத் தேய்ப்பதுபோல இருக்கும். பாடகர் குழுவில் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். "அவ நாக்குல தேன் தடவாம விட்டுட்டாங்க" என்று ஊரில் சொல்வார்கள். தேன் தடவிய நாக்குகளைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

என் தாத்தா சாகக் கிடந்தார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் கூடிப் பன்றி அடித்து, நல்ல துண்டை அவர் வாயில் ஊட்ட வேண்டும். அவர் அதைத் தின்று பிள்ளைகளுக்கு ஆசி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. அவரவர் தகுதிக்கேற்ப இறைச்சிப் பங்கும் உண்டு.

அந்த விருந்து நாளுக்குப் பல வாரம் முன்பிருந்தே தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு மீட்பு உண்டாடா?"

சபை மூப்பர் பொனார் அவர் கையைத் தட்டிக்கொடுப்பார். "உங்களுக்கு என்ன குறை பெரியவரே? எல்லாப் பிள்ளைக்கும் கல்யாணம் முடிஞ்சாச்சு. பேரப்பிள்ளைங்க வீடு நிறைய. கோயில் மணியே நீங்க வாங்கிக் குடுத்தது. ஆண்டவர் வாசல்ல வந்து நிப்பார், பாருங்க." சொல்லும்போதே அவர் கண் ஜன்னல் வழியே பன்றிக் கொட்டிலுக்குப் போய்விடும். தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் எதற்குப் பயந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய முதல் மனைவி ரொன்டாங். பிள்ளை இல்லை என்று அவரை ஒரு பாயோடு மழையில் வெளியே தள்ளிவிட்டு, தாத்தா வேறு கல்யாணம் செய்துகொண்டார். ரொன்டாங் ஏரிக்கு அக்கரையில் யாருடைய வெங்காய வயலிலோ வேலை செய்து வயதானார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

விருந்தன்று வேத வசனம் சொல்லிப் பேச வேண்டியவர் தியார்மின் அத்தை. என் அப்பா மங்காசி அவரை அடுப்படியில் மடக்கினார்.

"தங்கச்சி, இன்னிக்கு இனிப்பா பேசு. அப்பா போறது பரலோகத்துக்குத்தான்னு சொல்லு, போதும்."

"அதை நான் எப்படிண்ணே சொல்றது? சீட்டு குடுக்கிறது நானா?"

"மணி வாங்கிக் குடுத்தவருடி அவரு!"

"மணி நல்லாத்தான் அடிக்குது. அது யாருக்காகவும் சாகல."

அப்பாவின் முகம் சிவந்தது. "பழங்கதை எதையாவது கிளறினே, நாளைக்கே உன்னை மலைச் சபைக்கு மாத்தச் சொல்லிடுவேன்."

"மலையிலயும் ஆளுங்க இருக்காங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

பன்றியை வெட்டிய பிறகும் தலை, கழுத்து, வால் என்று முழுப் பன்றிபோலவே தாம்பாளத்தில் அடுக்கியிருந்தார்கள். சித்தப்பா தாத்தாவின் தாடையைப் பிடித்துத் திறந்தார். அப்பா பன்றி ரத்தம் விட்ட குழம்பில் கிடந்த கொழுப்புத் துண்டொன்றைத் திணித்தார். தாத்தாவால் விழுங்க முடியவில்லை. குழம்பு கழுத்தில் ஓடியது. "சாப்டுங்கப்பா, ஆசி சொல்லுங்கப்பா" என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்த இறைச்சியை இன்றுவரை என்னால் தொட முடியவில்லை.

அத்தை துணியால் அவர் வாயைத் துடைத்தார்.

"பெரியப்பா, இயேசுவுக்குப் பக்கத்துல ஒரு திருடனைத் தொங்கவிட்டாங்க. அவனுக்குப் பிள்ளை இல்ல, மணி இல்ல, ஊட்டிவிட ஆளில்ல. செஞ்ச தப்பை மறைக்காம ஒத்துக்கிட்டான். என்னை நினைச்சுக்குங்கன்னு கேட்டான். அவனை அவர் கூட்டிட்டுப் போனாரு. உங்களுக்கும் வழி அது ஒண்ணுதான். நீங்க குடுத்ததால இல்ல, அவர் செத்ததால. உங்க நெஞ்சுல என்ன இருக்குதோ, அதை அவர்கிட்ட சொல்லுங்க."

தாத்தா வாயில் கிடந்த துண்டைத் துப்பினார்.

"ரொன்டாங்" என்று அழுதார். "அவளைத் துரத்தினேன். ஆண்டவரே, பாயோட துரத்தினேன்."

அப்பா குனிந்து, "ஆசி சொல்லுங்கப்பா" என்றார்.

"அவளைக் கூட்டிட்டு வா. அப்புறம் சொல்றேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கு இவருக்கு!" சித்தப்பா அத்தையைப் பார்த்துக் கத்தினார். "எல்லாம் இவளால!"

அப்போதுதான் மூப்பர் பொனார் பேசினார். இத்தனை வருடம் ரொன்டாங்கைப் பற்றி வாயே திறக்காதவர். "படகை அனுப்புங்கப்பா. ஆசி இல்லாம பந்தி போட முடியாது. குழம்பு ஆறிப் போவுது பாருங்க."

மற்ற மூப்பர்களும், "ஆமா, அனுப்புங்க" என்றார்கள். ஒரு மனிதனின் கண்ணீருக்கு அசையாதவர்கள் ஆறுகிற குழம்புக்கு அசைந்தார்கள். இவர்களிடம்தான் தாத்தா மீட்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தையே படகில் போனார். என்ன பேசினாரோ, ரொன்டாங் வயல் சேற்றுக் காலோடு வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. தாத்தாவைச் சுமந்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"என்னை மன்னிச்சிடு, ரொன்டாங்."

ரொன்டாங் அவர் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் மனசு வரல. ஆண்டவர் உன்னை மன்னிச்சா நான் குறுக்கே நிக்கமாட்டேன்."

"ஒரு வாய் சாப்டுட்டுப் போங்கம்மா" என்று பொனார் குழைந்தார்.

"உங்க சோறு எனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் படகுக்குத் திரும்பினார். 'மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்' என்று தியார்மின் அத்தை அவரைக் கெஞ்சவில்லை.

தாத்தா இரண்டு வார்த்தையில் ஆசி சொன்னார். பந்தி நடந்தது. பொனாருக்குப் பெரிய பங்கு போயிற்று. அத்தைக்கு ஒரு எலும்புகூடக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் பங்கு கொடுக்காமல் விடுவது, நீ எங்களுக்கு யாருமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. அப்பா சொன்னபடியே மாற்றல் உத்தரவும் வந்தது.

மலைக்குப் போகும் முன் அத்தை தாத்தாவைப் பார்க்க வந்தார். அப்பா வாசலை விட்டு நகரவில்லை. அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"பெரியப்பா, இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார் தாத்தா. "ஆனா இப்பல்லாம் வர்றவன் போறவன்கிட்ட கேக்கிறதில்ல. ஆண்டவர்கிட்டயே கேக்கறேன்."