பத்து ஓட்டங்களில் மூன்று

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஐந்து வருடமாக வீட்டுக் கணினியில் வானிலை மாதிரி ஒன்றை ஓட்டி வருகிறேன். எங்கோ வெளிநாட்டில் வீசி முடிந்த சுழற்காற்றுகளைத் திரும்ப உருவாக்கிப் பார்த்துத்தான் பழகினேன். அவற்றுக்காக நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அதை நம் பக்கத்துக் கோடை இடிமழைக்குத் திருப்பினேன். தொடக்கக் காற்றையும் ஈரத்தையும் இம்மியளவு மாற்றி, ஒரே நாளைப் பத்து முறை ஓட்டுவேன். எத்தனை ஓட்டங்களில் மழை விழுகிறது என்பதுதான் விடை.

என் அக்காவுக்குப் பசுவந்தனைப் பக்கம் கரிசல் காடு. பங்குனியில் அவள் களம் முழுக்க மிளகாய் காயும். நனைந்தால் வெளுத்துவிடும். பயந்து தார்ப்பாய் போட்டு மூடினாலோ, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். போன பங்குனியில் இரண்டு முறை பத்துக்கு மூன்று வந்தது. "மழை வரலாம்" என்றேன். மூடினாள். ஒரு பொட்டு விழவில்லை. பூசணம்தான் மிச்சம்.

அடுத்த வாரம் காலையில் போன் செய்தாள்.

"ஏலே, உன் பொட்டியில இன்னைக்கு என்ன பெய்யுது?"

அன்றும் மூன்று. அதில் ஒன்றில் பலத்த காற்றும் இருந்தது.

"கொஞ்சம் வாய்ப்பு இருக்குக்கா."

"வாய்ப்பாம்ல! மூடி மூடித்தான் உங்க அத்தான் என்னைய வானிலை அதிகாரின்னு கூப்பிடுதாவ. உண்டா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லு."

"இல்லக்கா."

மூன்றரை மணிக்கு வகுப்பறைச் சன்னல்கள் அடித்துக்கொண்டன. ஐந்து மணிக்கு அத்தான் பேசினார். எடுத்து விரிப்பதற்குள் காற்று தார்ப்பாயை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாம்; களத்து மிளகாய் முழுக்க மழையில் நனைந்துவிட்டதாம். "இந்த வருசத்துக்கு அம்புட்டுத்தான், மாப்ள" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாதிரி தவறவில்லை. பூசணத்துக்கும் கேலிக்கும் பயந்து, மூன்றை "இல்லை" என்று ஆக்கியவன் நான். இரண்டு நாள் இதைச் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள்.

"இன்னைக்கு எப்படி? நனைஞ்சதத் திரும்பக் காயப் போடணும்."

"பத்துல ரெண்டு. அன்னைக்கு மூணு. உங்கிட்ட மறைச்சிட்டேன்."



"மூணுன்னு சொல்லியிருந்தா பாதிய அள்ளி வீட்டுக்குள்ள போட்டிருப்பேம்லா" என்றாள்.

எனக்கு அது தோன்றியதே இல்லை.