மஞ்சள் பஞ்சும் கருப்பட்டியும்

எனக்கு வாய் அதிகம். ஹந்தானை மலை அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்குத் தகரக் கூரை. வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது, மழைக்குப் பக்கத்தில் பேசுவது கேட்காது. "இதுல மனுசன் படுப்பானா?" என்று இரண்டு வருடமாக என் வீட்டுக்காரரை அரித்தெடுத்தது நான்தான். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வியாதி, மூச்சிழுப்பு, உண்டு என்பதும் எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது.

போன சித்திரை வெயிலில், சீலிங் வேலை செய்யும் அவருடைய கூட்டாளி, கண்டியில் ஏதோ ஒரு கட்டடத்தில் மிஞ்சிய கிளாஸ் வூல் சுருள் மூன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மஞ்சள் நிறம், தொட்டால் பஞ்சு மாதிரி. கண்ணாடியை நூலாக இழுத்துச் செய்ததாம். தகரத்துக்கு அடியில் செருகிவிட்டால் சூடும் இறங்காது, சத்தமும் இறங்காது என்றார்.

"தூசி பறக்கும் அண்ணி. அண்ணன் வாயில ஒரு துண்டு கருப்பட்டி ஒதுக்கிக்கிட்டா போதும். தூசிய அதுவே வயித்துக்கு இழுத்துட்டுப் போயிரும். நாங்கல்லாம் அப்படித்தான்."

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு அடிக்கிறவர், சீமெந்து கலக்கிறவர் எல்லோருக்கும் இதே வைத்தியந்தான். நானே சந்திக் கடைக்குப் போய், நல்ல கித்துள் மரத்துக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

அவர் ஏணியில் நின்று பஞ்சை வெட்டி வெட்டிச் செருகினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வெயிலில் தூள் மினுமினுவென்று இறங்கியது. "அழகாத்தான் இருக்கு" என்றேன். இந்த நாக்கை என்ன செய்வது! வாயில் இருந்தது கரைந்ததும் "இன்னொன்னு குடு புள்ள" என்று குனிந்து வாயைத் திறந்தார். ஊட்டிவிட்டேன். புது மாப்பிள்ளை என்ற நினைப்பு என்று கேலி வேறு செய்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு, ஈர்க்கு விளக்குமாற்றால் அறையை விறுவிறுவென்று கூட்டினேன். கை கால் எல்லாம் அரித்தது. குளித்தால் சரியாகும் என்று இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அவருக்கு முட்டு வந்தது. எப்போதும் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப்பை இரண்டு முறை இழுத்தால் அடங்கும், இந்த முறை அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மற்றவர்களுக்கு அரிப்பும் இருமலுமாக வந்து போய்விடுவது முட்டு உள்ளவருக்கு அப்படிப் போகாதாம். தூசியைக் கூட்டவே கூடாதாம், ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டுமாம்.

"மாஸ்க் போடலையா?"

"கருப்பட்டி சாப்பிட்டாரு டொக்டர்."

"அது தொண்டையோட சரிம்மா. காத்துப் போற வழி வேற" என்றார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மருந்து எழுதிய கிளினிக் கொப்பியை வைக்க அலுமாரியைத் திறந்தேன். கொரோனாக் காலத்தில் வாங்கிய மாஸ்க், ஒரு பெட்டி, உடைக்காமல் கிடந்தது. அந்த மெல்லிய துணி இந்தத் தூசியைத் தடுத்திருக்குமா, தெரியாது. ஏணியிலிருந்து பத்தடி தூரத்தில்தான் அது இருந்தது. அலுமாரிக் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது பின்னறையைப் பூட்டி, கதவிடுக்கில் ஈரத் துணி வைத்திருக்கிறேன். பஞ்சை இறக்கினால் தூசி கிளம்பும், விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். கூட்டாளி வருகிறேன், வருகிறேன் என்கிறார். இவரோ "நானே இறக்கிடுறேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார். "வாய மூடுங்க!" என்று கத்துவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

நேற்று மத்தியானம் மழை. மறுபடி இழுப்பு. பம்ப் இழுத்தும் நிற்கவில்லை. அவருடைய ஆட்டோ வாசலிலேயே நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியாது. கூட்டாளிக்கு போன் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கதிரையில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"கருப்பட்டி இருக்கா புள்ள?"

அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். உடைத்து எடுத்து வந்தேன். அன்றைக்கு ஏணியில் நின்றது போலவே வாயைத் திறந்தார், ஊட்டிவிட்டேன்.

"இப்ப பரவால்ல" என்றார்.

பொய். பின்னறைத் தகரம் இப்போது சத்தம் போடுவதில்லை. அவர் நெஞ்சு இழுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.