மெதுவாகப் போனால் உதைக்கும் கார்

கார் சீட் தைக்கும் என் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் பழைய கார்களின் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவரை மிளகாய் என்றுதான் கூப்பிடுவோம். மூக்கு நுனியில் கோபம். வேலையில் மட்டும் சுத்தமான கை.

தெருக்கோடி டெய்லர் தன் மாமனாருடைய நாற்பது வருஷத்து ஆட்டோமேட்டிக் காரை அவரிடம் விட்டிருந்தார். மிளகாய் கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். நாலாம் நாளே டெய்லர் மனைவியோடு வந்து நின்றார். கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து உதைப்பது போல வண்டி குலுங்குகிறதாம்.

அந்த அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போனால்தான் இடது காலுக்குப் பழைய பலம் முழுசாகத் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் ஏற முடியாது. இந்தக் காரின் அகலமான முன்சீட்டில்தான் வலியில்லாமல் உட்கார முடியும்.

மிளகாய் வண்டியை எடுத்து விர்ரென்று ஒரு சுற்று போய் வந்தார்.

“ஒண்ணுமே இல்லையே. வெண்ணெய் மாதிரி போகுது.”

“மெதுவா போனாதாங்க உதைக்குது” என்றார் அந்த அம்மா.

“மெதுவா போனா எப்படிம்மா உதைக்கும்? அதெல்லாம் உங்க முதுகு வலி. வண்டியில கோளாறு இல்ல.”

அடுத்த வாரமும் இதே கதைதான். மூன்றாவது வாரம் டெய்லர் மட்டும் வந்தார். “வண்டிய வித்துடலாம்ங்கிறா. அவ பிசியோதெரபிக்குப் போயே மூணு வாரம் ஆச்சு. மறுபடியும் தடி ஊன்ற ஆரம்பிச்சுட்டா” என்றார்.

மிளகாயிடம் வாய் கொடுக்க எனக்கும் பயம்தான், ஆனாலும் சொன்னேன்: “அண்ணே, இந்தத் தடவை நீங்க ஓட்டாதீங்க. அவர் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல சும்மா உக்காருங்க.”

முறைத்துக்கொண்டே ஏறினார். நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். டெய்லர் ஆக்சிலரேட்டரைத் தையல் மிஷினை மிதிப்பது போல மெல்ல மிதித்தார். தெரு முனை தாண்டுவதற்குள் டங்கென்று ஒரு உதை. எனக்கு நாக்கு கடிபட்டது. அடுத்த கியரில் இன்னொன்று. மிளகாய் குனிந்து, பெடல் மேல் இருந்த டெய்லரின் காலைப் பார்த்தார். மிளகாய் ஏறினால் பெடலை அடியோடு அமுக்கித்தான் பழக்கம். அப்படி அமுக்கும்போது கியர் அழுத்தமாக மாறுவதுதான் முறை, ஓடுகிற வேகத்தில் அது தெரியாது. மெல்ல மிதிக்கும்போதோ, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வந்து கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தைத் தணிக்க வேண்டும்; அது தணியாததால்தான் இந்த உதை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மிளகாய் வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோனார். குழாய் ஒரு தகட்டுக்கு அடியில் சப்பையாக நசுங்கியிருந்தது. கியர்பாக்ஸைத் திரும்பப் பூட்டும்போது தகட்டின் போல்ட்டை முறுக்கியது அவரேதான்.

குழாயை மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழசு, அதான் நசுங்கிப்போச்சு என்று சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். ஆனால் கை கழுவிவிட்டு, டெய்லரோடு அதே காரில் அவர் வீட்டுக்கே போனார். நானும் போனேன்.

அந்த அம்மா தடியை ஊன்றியபடி வாசலில் நின்றார்.

“குழாய நசுக்கினது நான்தாம்மா. நீங்க முதல் நாளே சரியாத்தான் சொன்னீங்க. நான் காதுலயே வாங்கல” என்றார் மிளகாய். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

அந்த அம்மா காருக்குப் பக்கத்தில் வந்து கதவைத் திறந்தார். முன்சீட்டில் மெதுவாக உட்கார்ந்து, தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

“போன மாசம் இந்தக் கால் தானா ஏறுச்சு” என்றார்.